தணல் சாகாமல், சுடர் ஏறாமல்: புகையிலை பைப்பில் நெருப்பைக் கையாளும் முறை

காற்றடிக்காத இடத்தில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, இரண்டு நிமிடம் நன்றாக எரியவிட்டு ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெண்மையாக ஒரு புகை இழை மேலே போகும். எரியும் தீக்குச்சியைத் திரிக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே, அந்த இழைக்குள் காட்டுங்கள். குச்சி திரியைத் தொடவே தொடாது. ஆனாலும் நெருப்பு புகை வழியாகக் கீழே தாவித் திரியைப் பற்றிக்கொள்ளும். மைக்கேல் ஃபாரடே 1860ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்காகத் தொடங்கிய சொற்பொழிவு வரிசையில் செய்து காட்டியது இது.

இந்தச் சோதனை சொல்லும் விஷயம் பைப் பிடிப்பவருக்கு மிக முக்கியம். புகை என்பது எரிந்து முடிந்த கழிவு அல்ல, எரியாமல் தப்பிய எரிபொருள். நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள், அது சரிதான். ஆனால் சுடர் நன்றாக எரியும் இடத்தில் புகை நிற்காது, சுடரே அதைத் தின்றுவிடும். பைப்பில் வேண்டியது புகை. ஆகவே சுடர் அங்கே தொடக்கி வைப்பதற்கு மட்டும்தான். மீதி நேரம் முழுவதும் ஆள வேண்டியது தணல், அதுவும் நீறு பூத்த தணல். இலையைக் காயவைப்பது, நிரப்புவது, பற்றவைப்பது, இழுப்பது என்று கீழே சொல்லப்படும் ஒவ்வொன்றும் அந்தத் தணலைச் சாகவும் விடாமல் சீறவும் விடாமல் வைத்திருப்பதற்கான வழிதான்.

சுடர் வேறு, தணல் வேறு

இலையோ மரமோ நேரடியாகச் சுடர்விட்டு எரிவதில்லை. சூடு ஏறும்போது அது சிதைந்து, எரியக்கூடிய வாயுக்களையும் ஆவிகளையும் வெளியே விடுகிறது. அவை காற்றில் கலந்து பற்றும்போது நாம் பார்ப்பதுதான் சுடர். மஞ்சள் நிறம் வருவது அதற்குள் பழுத்து ஒளிரும் நுண்ணிய கரித்துகள்களால். வாயுக்கள் போன பிறகு மிஞ்சுவது கரி. அதன் மேற்பரப்பில் ஆக்சிஜன் நேராகப் படும்போது சுடரே இல்லாமல் கனன்றுகொண்டிருக்கும். அதுதான் தணல்.

எரியும் பைப்பின் கிண்ணத்தை, அதாவது இலையை நிரப்பும் குழி உள்ள பகுதியை, நெடுக்காக அறுத்துப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே சாம்பல். அதற்குக் கீழே சில மில்லிமீட்டர் தடிமனில் சிவந்த தணல். அதன் அடியில் இலை கறுத்துப் பழுப்பேறிச் சிதைந்துகொண்டிருக்கும் ஒரு மெல்லிய பட்டை. அதற்கும் கீழே ஈரம் வெளியேறி உலரும் பகுதி. அடியில் இன்னும் சூடு எட்டாத குளிர்ந்த இலை. இழுக்கும்போது காற்று மேலிருந்து கீழாகத் தணலுக்குள் பாய்கிறது. அதன் ஆக்சிஜன் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. ஆக்சிஜன் இழந்த சூடான வாயு பழுப்புப் பட்டையைக் கடக்கும்போது இலையின் மணப்பொருள்களை ஆவியாக்கி எடுத்துக்கொண்டு போகிறது. வாயில் உணரும் மணத்தில் பெரும்பங்கு இந்தப் பட்டையிலிருந்து வருகிறது. எரிந்து வருவதை விட வடிந்து வருவதே அதில் அதிகம். வாலை என்னும் வடிகலத்தை வைத்து வடிப்பதற்கும் இதற்கும் அடிப்படையில் பெரிய வேறுபாடு இல்லை.

ஆகவே வேகமாக இழுத்தால் கூடுதல் மணம் வரும் என்று நினைப்பது தவறு. சிகரெட்டில் அளந்து பார்த்ததில், இழுக்கும் நொடியில் தணலின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகிறது. இழுப்புக்கு இழுப்பு இடையில் சில நூறு டிகிரி இறங்கிவிடுகிறது. காற்றின் வேகம் ஒன்றே இவ்வளவு மாற்றம் செய்கிறது. பைப்பில் வேகமாக இழுத்தால் மணப்பொருள்கள் வாய்க்கு வரும் முன்பே கருகிச் சிதையும். மிஞ்சுவது சூடும் கசப்பும் நீராவியும்.

தணல் தானாகவே கனன்று நிற்பதில் இலைக்குள் இருக்கும் உப்புக்கும் பங்குண்டு. புகையிலையில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது. அது கரி கனல்வதற்குத் தூண்டுகோல். குளோரைடு மிகுந்த மண்ணில் விளைந்த இலை இதற்கு நேர்மாறாக அடிக்கடி அணையும். சாம்பலின் வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஒரு சர்க்கரைக் கட்டியை இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். உருகும், கருகும், தானாக எரியாது. அதே கட்டியின் ஓரத்தில் புகையிலைச் சாம்பலைத் தேய்த்துவிட்டுக் காட்டினால் சுடர்விட்டு எரியும். இலையைத் தேர்ந்தெடுக்கும்போது எரியும் குணத்தையும் பார்க்க வேண்டியது இதனால்தான்.

ஈரம்: பாதிக் கோளாறின் வேர்

பைப் புகையிலை பெரும்பாலும் ஈரமாகவே அடைக்கப்படுகிறது. 15 முதல் 25 சதவீதம் வரை நீர் இருக்கும். புகைக்க வசதியானது 12 முதல் 14 சதவீதம். இந்த வித்தியாசம் சிறிதாகத் தோன்றும், ஆனால் கணக்குப் போட்டால் அப்படி இல்லை.

ஒரு கிண்ணத்துக்கு 3 கிராம் இலை, அதில் 20 சதவீதம் நீர் என்றால் 0.6 கிராம். ஒரு கிராம் நீரை அறை வெப்பத்திலிருந்து ஆவியாக்க ஏறத்தாழ 2.6 கிலோஜூல் வேண்டும். அந்த வெப்பம் முழுவதும் தணலிலிருந்துதான் போக வேண்டும். தணல் குளிரும், நீங்கள் அது அணையாதிருக்க வேகமாக இழுப்பீர்கள், அது சீறும், கிண்ணம் சுடும், நீராவி நாக்கைப் பொசுக்கும். ஈரமான இலைதான் நாக்கைச் சுடும், காய்ந்த இலை அல்ல என்பது புதியவர்களுக்கு நம்ப முடியாததாக இருக்கும். காரணம் இந்தச் சங்கிலிதான்.

இன்னொரு நீரும் இருக்கிறது. இலையின் பெரும்பகுதியான செல்லுலோஸ் போன்ற பொருள்கள் எரியும்போதே நீர் உண்டாகிறது. 162 கிராம் செல்லுலோஸ் முழுமையாக எரிந்தால் 90 கிராம் நீர் கிடைக்கும். சருகாகக் காய்ந்த இலை ஒரு கிராம் எரிந்தாலும் அரை கிராமுக்கு மேல் நீர் வரக்கூடும் என்று பொருள். பைப்பில் எல்லாம் முழுமையாக எரிவதில்லை, வந்த நீரில் ஒரு பகுதி மேலே ஆவியாகவும் போய்விடும். ஆனால் தண்டில், அதாவது வாயில் வைத்து இழுக்கும் குழாயில், கசியும் நீரை முற்றிலும் ஒழிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் கையில் இருப்பது டப்பாவிலிருந்து வரும் நீர் மட்டும்.

காயவைக்கும் முறை எளிது. ஒரு வேளைக்கான இலையை எடுத்து, ஒட்டியிருக்கும் கட்டிகளைப் பிரித்து, அகலமான தட்டில் அல்லது காகிதத்தில் மெல்லியதாகப் பரப்புங்கள். நேர் வெயில் வேண்டாம், மணம் பறந்துவிடும். நூலிழை வெட்டு 15 முதல் 30 நிமிடத்தில் பதத்துக்கு வரும். தகடாக அழுத்தி வெட்டிய இலை ஒரு மணி நேரம் கூடக் கேட்கலாம். நகை எடைபோடும் சிறிய தராசு இருந்தால் இன்னும் நிச்சயம்: 20 சதவீத ஈரம் உள்ள 10 கிராம் இலை 13 சதவீதத்துக்கு வர 9.2 கிராமாகக் குறைய வேண்டும்.

தராசு இல்லையென்றால் விரல் போதும். ஒரு சிட்டிகை இலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து நன்றாக அழுத்தி, மூன்று எண்ணி விடுங்கள். அழுத்திய வடிவத்திலேயே உருண்டையாகக் கிடந்தால் இன்னும் ஈரம். மெல்ல மெல்ல, இழை இழையாக விரிந்து கொடுத்தால் பதம். சரசரவென்று நொறுங்கித் தூளானால் அளவு மீறிவிட்டது. அது வேகமாக எரியும், மணமும் தட்டையாகிவிடும். மணமூட்டிய சில வகைகளில் ஈரம் காக்கும் புரோப்பிலீன் கிளைகோல் சேர்த்திருப்பார்கள். அவை எவ்வளவு நேரம் கிடந்தாலும் தொடுவதற்குப் பிசுபிசுப்பாகவே இருக்கும். அவற்றுக்கு விரல் சோதனை பொய் சொல்லும். ஒரு மணி நேரம் பரப்பி வைத்துவிட்டு நிரப்பத் தொடங்கிவிடலாம்.

நிரப்புவது: காற்றுக்கு இடம் விடுவது

வழக்கமான கிண்ணத்தின் குழி 18 முதல் 20 மில்லிமீட்டர் அகலமும் 35 முதல் 40 மில்லிமீட்டர் ஆழமும் இருக்கும். அடியில் காற்றுத்துளை 3.5 முதல் 4 மில்லிமீட்டர். இந்தக் குழிக்குள் இலையை அடைப்பதில் இரண்டு எதிரெதிர்த் தேவைகளைச் சமாளிக்க வேண்டும். இழைகள் ஒன்றையொன்று தொட்டால்தான் தணலின் சூடு கீழே பரவும். இழைகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால்தான் காற்று போகும். இறுக்கமாக அடைத்தால் மூச்சு முட்டும், தளர்வாக விட்டால் தொடர்பு அறும். இரண்டின் முடிவும் அணைந்த பைப்தான்.

மூன்று தவணையாக நிரப்புவது பலகாலப் பழக்கம், இன்றும் அதைவிட நம்பகமான வழி இல்லை. முதல் தவணையில் இலையைத் தூவினாற்போல் விளிம்பு வரை விட்டு, கிண்ணத்தின் பக்கத்தை இரண்டு தட்டுத் தட்டி, குழந்தையின் விரல் பட்டது போல அழுத்துங்கள். பாதிக் குழிக்கு இறங்கும். இரண்டாவதாக மறுபடியும் விளிம்பு வரை விட்டு, சற்றே அழுத்தமாக, முக்கால் குழிக்கு இறக்குங்கள். மூன்றாவது தவணையைக் கொஞ்சம் குவித்து வைத்து, உறுதியான கையால் விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே வரும்படி அழுத்துங்கள். அடியில் தளர்வு, மேலே இறுக்கம் என்ற இந்தச் சரிவு தற்செயலானது அல்ல. தணல் இறங்க இறங்கச் சாம்பலின் பாரமும், மேலிருந்து வந்து படியும் ஈரமும், இலையை அவ்வப்போது அழுத்திவிடும் உங்கள் அழுத்துக்கோலும் சேர்ந்து அடிப்பகுதியை இறுக்கிக்கொண்டே போகும். தொடக்கத்திலேயே அடியை இறுக்கினால் பாதி வழியில் காற்று நின்றுவிடும்.

பற்றவைக்கும் முன் வெறுமனே இழுத்துப் பாருங்கள். வெற்று பைப்பில் வருவதை விடச் சிறிது தடை இருக்க வேண்டும், கன்னம் குழியக் கூடாது. தடை அதிகமாக இருந்தால் குத்தூசியால் துளைபோட்டுச் சமாளிக்காதீர்கள். அந்தத் துளை வழியாகத் தணல் கிணறுபோல் இறங்கிவிடும். கொட்டிவிட்டு மறுபடி நிரப்புவதே நல்லது. ஒரு நிமிட வேலை, ஒரு மணி நேரத் தொல்லையை மிச்சப்படுத்தும்.

தகடு வகை இலையை நன்றாகத் தேய்த்து உதிர்த்தால் நூலிழை போலவே நிரப்பலாம். மடித்துச் சொருகினால் மெதுவாகவும் குளிர்ச்சியாகவும் எரியும், ஆனால் பற்றவைப்பது சிரமம். மேலே அரை சென்டிமீட்டர் அளவுக்கு உதிர்த்த இலையைத் தூவிக்கொண்டால் அந்தச் சிரமம் தீரும்.

இரண்டு முறை பற்றவைப்பது ஏன்

முதலில் எதைக்கொண்டு பற்றவைப்பது என்று பார்ப்போம். பாதுகாப்புத் தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும், பெட்டியின் உரசுபட்டையில் சிவப்புப் பாஸ்பரசும் இருக்கின்றன. உரசிய முதல் இரண்டு நொடியில் வரும் நெடி இவற்றுடையது. அதைக் குழிக்குள் இழுத்துவிட்டால் முதல் பத்து இழுப்பில் இலையின் மணம் தெரியாது. தலை எரிந்து முடிந்து, சுடர் வெறும் குச்சியில் நிலைத்த பிறகே கிட்டே கொண்டு போங்கள். பியூட்டேன் லைட்டரில் நெடி இல்லை. பைப்புக்கென்று சுடர் பக்கவாட்டில் வரும்படி செய்தவை கையைச் சுடாது. பெட்ரோல் வகைத் திரவம் ஊற்றும் லைட்டர்கள் சுவையில் எண்ணெய் வாடையை விட்டுப்போகும். சீறிப் பாயும் நீலச்சுடர் லைட்டரைப் பைப்பின் பக்கமே கொண்டு போகாதீர்கள். வாயுவும் காற்றும் முன்கூட்டியே கலந்து, குறுகிய முனையில் மிகுந்த சூட்டோடு பாயும் சுடர் அது. விளிம்பு மரத்தை ஒரே முறையில் கருக்கிவிடும். மஞ்சள் சுடர் விளிம்பில் பட்டால் படிவது பெரும்பாலும் கரி, அதை ஈரத்துணியால் துடைக்கலாம். கருகிப்போன மரத்தைத் துடைக்க முடியாது.

சுடரை இலையின் மேல் வைத்து அழுத்த வேண்டாம். ஒரு சென்டிமீட்டர் மேலே பிடித்து மெதுவாக இழுங்கள். நிமிர்ந்து நின்ற சுடர் தலைகுனிந்து இலைக்குள் இறங்குவதைப் பார்ப்பீர்கள். இழுப்பை விட்டதும் மறுபடி நிமிரும். சூடான வாயு இலேசானதால் மேலே போகத் துடிக்கிறது, உங்கள் இழுப்பு அதைக் கீழே வளைக்கிறது. அந்த இழுபறியை வைத்தே உங்கள் இழுப்பின் வலு சரியா என்று தெரிந்துகொள்ளலாம். சுடரின் நுனி இலையைத் தொட்டால் போதும், முழுச் சுடரும் குழிக்குள் மறைந்தால் மிகையாக இழுக்கிறீர்கள். அப்படியே விளிம்பைத் தொடாமல் வட்டமாகச் சுற்றி வாருங்கள்.

மேல் இலை சூடு பட்டதும் முறுக்கிக்கொண்டு எழும்பும். ஒரு பக்கமாக வெளியேறும் ஈரமும் சுருங்கும் நாருமே காரணம். எழும்பிய இழைகள் தனித்தனியாகக் காற்றில் நிற்பதால் சட்டென்று எரிந்து அணைந்துவிடும், கீழே சூட்டைக் கொண்டுபோகாது. ஆகவே இந்த முதல் தீ கணக்கில் சேராது. அது அணையட்டும். அழுத்துக்கோலால், கோலின் எடையே போதும் என்கிற அளவில், கறுத்த பரப்பைச் சமப்படுத்துங்கள். இப்போது மேலே ஈரமில்லாத, தட்டையான ஒரு கரிப்படுகை இருக்கிறது. கரி குறைந்த சூட்டிலேயே பற்றும். இரண்டாவது முறை சுடரைச் சுற்றிக் காட்டினால் பரப்பு முழுவதும் ஒரே சீராகக் கனலும். ஒரு பக்கம் மட்டும் பற்றியிருந்தால் கடந்துபோகாதீர்கள், அந்தப் பக்கத்துக்கு மட்டும் மறுபடி சுடர் காட்டுங்கள். தொடக்கத்தில் சாய்ந்த தணல் கடைசி வரை சாய்ந்தே போகும்.

இழுப்பின் தாளம்

பற்றிய பிறகு நிமிடத்துக்கு இரண்டு அல்லது மூன்று சிறிய இழுப்புகள் போதும். மிகச் சூடான பானத்தை உதட்டு நுனியால் உறிஞ்சுவோமே, அந்த அளவு. இப்படிப் போனால் 3 கிராம் இலை முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரும். மெதுவாகப் புகைக்கும் சர்வதேசப் போட்டிகளில் எல்லோருக்கும் அதே 3 கிராம் இலை, நிரப்ப 5 நிமிடம், பற்றவைக்க 1 நிமிடம், இரண்டே தீக்குச்சி. தேர்ந்தவர்கள் அதை மூன்று மணி நேரத்துக்கு மேலும் அணையாமல் கொண்டு போகிறார்கள். அவ்வளவு நிதானம் சுவைக்குத் தேவையில்லை. ஆனால் ஒரு தணல் எவ்வளவு குறைந்த காற்றில் உயிர் வாழும் என்பதற்கு அது நல்ல சான்று.

இழுக்காத நேரத்தில் தணல் எப்படி வாழ்கிறது? மேலே இருக்கும் காற்று மெல்லப் பரவி வருகிறது, சாம்பல் போர்வை சூட்டைக் காக்கிறது. அதனால் சாம்பலை அடிக்கடி தட்டிக் கொட்டாதீர்கள். போர்வை போனால் தணல் நேராகக் காற்றில் சூட்டை இழக்கும். சாம்பல் உயர்ந்து விளிம்பை எட்டும்போது மேல்பகுதியை மட்டும் கொட்டி, ஒரு மெல்லிய அடுக்கை விட்டுவையுங்கள்.

இழுப்புகளுக்கு நடுவே தண்டு வழியாக மெதுவாக ஊதுவதும் ஒரு நுட்பம். நாம் வெளிவிடும் மூச்சில் இன்னும் 16 சதவீத ஆக்சிஜன் இருக்கிறது. தணலை உயிரோடு வைக்க அது போதும். காற்று கீழிருந்து மேலே போவதால் குழியில் தேங்கிய நீராவியும் வெளியேறும். ஆனால் மூச்சு ஈரமானது, ஊதுவது மூச்சுவிடுவது போல இருக்க வேண்டும். பலமாக ஊதினால் சாம்பலும் பொறியும் பறக்கும்.

அழுத்துக்கோலை எப்போது எடுப்பது? புகை மெலிந்து, இழுப்பு இலேசாகிவிட்டால் தணலுக்கு அடியில் வெற்றிடம் விழுந்திருக்கிறது. அப்போது சாம்பலைத் தொட்டுச் சமப்படுத்துங்கள். இழுத்துக்கொண்டே அழுத்துவது நல்லது, தடை கூடுவது உடனே வாயில் தெரியும். புகை மெலிந்தும் இழுப்பு கனமாகவே இருந்தால் சிக்கல் வேறு. அது இறுக்கம் அல்லது நீர். அங்கே அழுத்தினால் கொன்றுவிடுவீர்கள்.

கோளாறுகளும் காரணங்களும்

அடிக்கடி அணைவது. ஈரம், இறுக்கம், தளர்வு மூன்றில் ஒன்று. இழுப்பு கனமாக இருந்து அணைந்தால் இறுக்கம், இலேசாக இருந்து அணைந்தால் தளர்வு, சரியாக இருந்தும் அணைந்தால் ஈரம். ஒரு கிண்ணத்துக்கு மூன்று நான்கு முறை மீண்டும் பற்றவைப்பது குறையே அல்ல. அணைந்துவிடுமோ என்ற பயத்தில் இழுத்துக்கொண்டே இருப்பதுதான் குறை.

களகளவென்ற சத்தம். சூடான நீராவி குளிர்ந்த தண்டில் பட்டு நீராகிறது. குறிப்பாக, தண்டின் முளை (கிண்ணத்தின் கழுத்துக்குள் செருகும் முனை) கழுத்துத் துளையின் அடியைத் தொடாமல் இடைவெளி இருந்தால் அங்கே வாயு விரிந்து வேகம் குறைந்து நீரை விட்டுவிடும். பைப் கிளீனரை, அதாவது பஞ்சிழை சுற்றிய வளையும் கம்பியை, தண்டு வழியாகக் குழியின் அடி வரை நுழைத்து, பத்து நொடி ஊறவிட்டு இழுங்கள். இதற்காகத் தண்டைக் கழற்ற வேண்டாம். சூடாக இருக்கும்போது மரமும் தண்டும் வெவ்வேறு அளவில் விரிந்திருக்கும், முறுக்கினால் கழுத்து விரியலாம், பொருத்தமும் தளரும்.

நடுவில் கிணறு விழுவது. தணல் நடுவில் மட்டும் வேகமாக இறங்கி, ஓரத்து இலை எரியாமல் நிற்கும். வேக இழுப்பின் அடையாளம் இது. காற்று தடை குறைந்த வழியாகவே ஓடும், ஓடும் வழியில் சூடு கூடும், சூடு கூடினால் அந்த வழி இன்னும் திறக்கும். ஓரத்தை நடுவுக்குத் தள்ளிச் சமப்படுத்தி, ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்துத் தொடருங்கள்.

கிண்ணம் சுடுவது. கன்னத்தில் வைத்துப் பாருங்கள். வைத்தபடி இருக்க முடிந்தால் சரி, வெடுக்கென்று எடுக்க வேண்டியிருந்தால் உடனே கீழே வைத்துவிடுங்கள். காற்றடிக்கும் வெளியில் இது சீக்கிரம் வரும். உங்கள் உதவி இல்லாமலே காற்று தணலுக்கு ஆக்சிஜன் ஊட்டுகிறது. துளைகள் உள்ள மூடி அங்கே உதவும். கண்டுகொள்ளாமல் தொடர்ந்தால் கிண்ணச் சுவரே தணலாகி ஓட்டை விழும். அதற்கு மருந்தில்லை.

நாக்கு எரிவது. நீராவியின் சூடு பாதி, புகையின் காரத்தன்மை பாதி. சர்க்கரை மிகுந்த வர்ஜீனியா இலையின் புகை அமிலப் பக்கம் சாயும், ஆனால் சூடாக எரியும். சர்க்கரை குறைந்த பர்லி வகை இலையின் புகை காரப் பக்கம் சாயும். அதில் நிகோட்டின் வாயின் தோல் வழியாக எளிதில் உள்ளே போகும், தலைசுற்றலும் குமட்டலும் அதனால்தான். முதலாவதற்கு இழுப்பைக் குறைப்பது மருந்து. இரண்டாவதற்குச் சிறிய கிண்ணம்.

அடியில் கசப்பது. மேலிருந்து வடிந்த தார் எல்லாம் அடி இலையில் சேர்ந்திருக்கிறது. கடைசிச் சென்டிமீட்டரைப் புகைத்தே தீர வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. காற்றுத்துளை குழியின் அடியை விட்டு மேலே துளைக்கப்பட்ட பைப்பில் எப்போதும் நனைந்த ஒரு வில்லை மிஞ்சும். வாங்கும்போதே உள்ளே பார்த்துவிடுங்கள்: துளையின் கீழ்விளிம்பும் குழியின் அடியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும்.

புகையைப் பார்த்து அறிவது

தணலிலிருந்து தானாக எழும் புகை நீலமாகவும் வாயிலிருந்து விடும் புகை வெண்சாம்பலாகவும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். தணல் புகையின் துளிகள் ஒளியின் அலைநீளத்தை விடச் சிறியவை. அவை நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கின்றன, வானம் நீலமாக இருப்பது போல. வாயில் ஈரம் பட்டதும் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பருக்கும். பருத்த துளிகள் எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிப்பதால் வெண்மை. கருமையான பின்னணியும் பக்கவாட்டு வெளிச்சமும் இருந்தால் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

இதில் பயனும் உண்டு. கிண்ணத்தின் மேல் மெல்லிய நீல இழை நூல்பிடித்தாற்போல எழுந்து, ஒரு சாண் உயரத்தில் கலைந்து சுருள்களானால் தணல் நிதானமாக இருக்கிறது. வேகம் கூடும் இடத்தில் ஒழுங்கான ஓட்டம் உடைந்து சுழலாகிறது, அவ்வளவுதான். இழை இல்லாமல் வெண்மையாகக் கொட்டினால் ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. இழுப்பை நிறுத்தி, அது தெளியும் வரை பொறுங்கள்.

பைப்பின் உடம்பு

பிரையர் என்பது எரிக்கா ஆர்போரியா என்ற மத்தியதரைக் கடல்பகுதிப் புதரின் அடிக்கட்டை. அடர்த்தியான மரம், சூட்டைச் சீக்கிரம் வெளியே விடாது. ஆனால் மரம் மரம்தான். அதைக் காப்பது உள்ளே மெல்ல மெல்லப் படியும் கரிப்படலம். 1 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை படியவிட்டு, அதற்கு மேல் வளர்வதைச் சுரண்டி எடுங்கள். கரியும் மரமும் ஒரே அளவில் விரிவதில்லை, தடித்த படலம் சுவரைப் பிளந்துவிடும். புதிய கிண்ணத்தை முதல் சில முறை பாதியளவு நிரப்பி மிக நிதானமாகப் புகைத்தால் அடியிலும் படலம் உருவாகும். மீர்ஷாம் செப்பியோலைட் என்ற கனிமம். அதற்குப் படலமே வேண்டாம், ஒவ்வொரு முறையும் துடைத்துவிடலாம். களிமண் பைப்பில் சுவை தூய்மையாக வரும், ஆனால் விரல் சுடும். பிரையரைப் புகைத்த பிறகு ஒரு நாளாவது உலரவிடுங்கள். ஈரம் ஊறிய சுவரில் அடுத்த தணல் சரியாகப் பிடிக்காது, புளித்த வாடையும் வரும்.

உடம்புக்குச் செய்வது, கடைசியில் செய்ய வேண்டியது

தணலின் குணம் முழுமையற்ற எரிதல். அதனால்தான் மணமும் வருகிறது. கார்பன் மோனாக்சைடும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களும் அதே காரணத்தால்தான் வருகின்றன. இவற்றைப் பிரித்து ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வழியில்லை. புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் உதடு, வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களின் ஆபத்து இருக்கிறது. நிகோட்டின் பழக்கத்துக்கு அடிமையாக்கும். கரி வடிகட்டி ஈரத்தைக் குறைக்கும், இந்த ஆபத்தை நீக்காது. மூடிய அறையிலும் குழந்தைகள் அருகிலும் பற்றவைக்காதீர்கள். இதுவரை தொடாதவர் இந்த அறிவியலை மெழுகுவர்த்தியிலும் ஊதுபத்தியிலும் பார்த்துக்கொள்ளலாம். சுடர், தணல், நீலப்புகை எல்லாம் அங்கேயும் அதேதான்.

முடித்ததும் பைப்பை அப்படியே சட்டைப் பையில் போடவோ, சாம்பலைக் குப்பைக் கூடையில் தட்டவோ கூடாது. சாம்பலுக்குள் ஒரு கடுகளவு தணல் இருந்தாலும் காகிதத்திலோ மெத்தைப் பஞ்சிலோ அது சத்தமில்லாமல் மணிக்கணக்கில் ஊர்ந்து, பிறகு சுடராகலாம். அதைக் காட்டிக்கொடுக்கச் சிவப்பு நிறம்கூடத் தெரியாது. சாம்பலை உலோகக் கிண்ணத்தில் கொட்டி, தண்ணீர் ஊற்றிக் குழைத்துவிடுங்கள். பைப் கிளீனர் ஒன்றைத் தண்டில் செலுத்தித் துடைத்து, கிண்ணம் கீழாகவும் தண்டு மேலாகவும் சாய்த்து நிறுத்துங்கள். கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகு தண்டைக் கழற்றலாம்.